படகு கட்டுவதும் கார் கட்டுவதும்

சென்னைக்கு வடக்கே எண்ணூர், மீஞ்சூர்ச் சாலைகளில் நீங்கள் எப்போதாவது போயிருந்தால் ஒரு வினோதமான வண்டியைப் பார்த்திருப்பீர்கள். சக்கரங்கள் உண்டு, எஞ்சின் உண்டு, இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் உண்டு. ஆனால் கூரை இல்லை, கதவு இல்லை, பின்புறம் ஒன்றுமே இல்லை. வெட்டவெளியில் ஓர் இருக்கை; அதில் தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். தின்று முடித்த மீனின் முள் தானே எழுந்து ஓடுவது போல இருக்கும்!

இதற்குச் 'சேசிஸ்' என்று பெயர். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனியின் தொழிற்சாலை எண்ணூரில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட சேசிஸ்கள் நாமக்கல்லுக்கோ கரூருக்கோ போய்ச் சேரும். அங்கே தச்சரும் கொல்லரும் பெயிண்டரும் சேர்ந்து அதற்கு லாரியாகவோ பஸ்ஸாகவோ உடம்பு கொடுப்பார்கள். 'பாடி கட்டுவது' என்பது தொழிலில் வழங்கும் பெயர். நாம் அதைக் கூடு என்று சொல்வோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் விலை உயர்ந்த கார்களும் இப்படித்தான் விற்பனையாயின. செல்வந்தர் ஒருவர் ரோல்ஸ் ராய்ஸ் வாங்கினால், கம்பெனி அவருக்குக் கொடுத்தது எஞ்சினும் சக்கரமும் சட்டமும்தான். கூடு கட்ட அவர் வேறொரு பட்டறையைத் தேடிப் போக வேண்டும். அந்தப் பட்டறைக்காரர்கள் யார் தெரியுமா? அதுவரை குதிரைக் கோச்சு வண்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள்!

இந்தக் கதையைப் பழவேற்காட்டு மணலில் நின்றுகொண்டு சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு பழவேற்காடு போனேன். ஏரித் தண்ணீரின் அடர்த்தியை முகத்துவாரத்திலும் உள்ளேயும் அளந்து ஒப்பிடுவது எங்கள் வேலை. அளவியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்ற நேரம் போக, மீதி நேரம் முழுவதும் நாங்கள் கரையில் ஒரு படகுத் தச்சரைச் சுற்றியே நின்றோம். அறுபது வயதைக் கடந்தவர். இளமையில் சென்னையில் ஒரு லாரி பாடி ஷெட்டில் வேலை பார்த்துவிட்டுக் குப்பத்துக்குத் திரும்பியவர்.

"அங்கியும் இதே வேலைதான் சார்" என்றார். "இங்க கீழே தண்ணி, அங்க கீழே ரோடு. ரெண்டும் சும்மா இருக்காது."

கீழே இருப்பது சும்மா இருக்காது! இயற்பியல் படித்த நான் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன். தரையில் கட்டிய வீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. படகையும் வண்டியையும் கீழே இருப்பது ஓயாமல் அடிக்கிறது, தூக்குகிறது, முறுக்குகிறது. அந்த அடியை எப்படி வாங்கிக்கொள்வது என்பதற்கு இந்தக் கடற்கரையில் ஒரு விடை கிடைத்தது. மோட்டார் வண்டி வந்தபோது, ஐரோப்பாவில் ஒருவர் கிட்டத்தட்ட அதே விடையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார்.

ஆணி இல்லாத படகு

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். ஆனால் அவர்களுடைய கப்பல்கள் கோட்டையை ஒட்டி வந்து நிற்கவில்லை. சோழமண்டலக் கரை நெடுகிலும் கடல் ஆழமில்லாதது. அலை உடைந்து விழும் இடம் அகலமானது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். சரக்கும் ஆளும் சிறு படகில்தான் கரைக்கு வரவேண்டும். மெட்ராஸிலும் துறைமுகம் கட்டப்படும் வரை இதே நிலைதான். கவர்னராக இருந்தாலும் அலையில் நனைந்துதான் ஊருக்குள் நுழைய முடியும்!

இதற்கென்று இந்தக் கரையில் இருந்தது மசூலாப் படகு. ஐரோப்பியர் எழுதி வைத்த குறிப்புகளில் இதைப் பற்றி வியப்பும் அச்சமும் கலந்து இருக்கும். ஏனென்றால் இதில் ஆணி கிடையாது. உள்ளே விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களும் கிடையாது. பலகையின் விளிம்போடு விளிம்பை வைத்து, இரண்டிலும் வரிசையாகத் துளையிட்டு, தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துவிடுவார்கள். இணைப்பின்மேல் வைக்கோலையோ புல்லையோ திரியாக வைத்து அதன் மேலேயே தையல் ஓடும். தண்ணீரில் நனைந்ததும் திரி ஊதி இடைவெளியை அடைக்கும். அப்படியும் ஒழுகும். ஆகவே தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டே வருவார்கள்.

இரும்பு ஆணி தெரியாததால் தைத்தார்களா? அப்படித்தான் பலர் நினைத்தார்கள். இதைவிட வேடிக்கையான விளக்கமும் ஒன்று இருந்தது. இந்தியக் கடலில் காந்தப் பாறைகள் இருப்பதாகவும், ஆணி அடித்த கப்பலை அவை இழுத்துவிடும் என்றும், அதற்குப் பயந்தே இந்தியர் கயிற்றால் தைப்பதாகவும் பழங்காலத்தில் கதை வழங்கியது. 6-ஆம் நூற்றாண்டில் புரோக்கோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர் இதை மறுத்தார். "செங்கடலில் ஓடும் ரோமானியக் கப்பல்களில் எவ்வளவோ இரும்பு இருக்கிறதே, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே!" என்பது அவர் வாதத்தின் சாரம். நல்ல விஞ்ஞானிக்குரிய கேள்வி. ஆனால் அடுத்த வரியிலேயே அவர் சறுக்குகிறார்: இந்தியரிடம் இரும்பு இல்லை, அதனால்தான் தைக்கிறார்கள் என்கிறார். தென்னிந்தியாவின் உருக்கு உலகச் சந்தையில் பெயர் பெற்றது என்பதை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள்!

உண்மையான காரணத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். படகும் ஆட்களும் சரக்கும் சேர்ந்து 2000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அலை அதை 20 சென்டிமீட்டர் தூக்கி மணலில் போடுகிறது. தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். இயக்க ஆற்றல் எவ்வளவு? அரை மடங்கு நிறை, வேகத்தின் இருமடி. அதாவது 4000 ஜூல். இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போய்த் தீரவேண்டும் அல்லவா?

படகு கல் போல விறைப்பாக இருந்து, 1 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். வேலை என்பது விசை பெருக்கல் தூரம். 4000-ஐ 0.01-ஆல் வகுத்தால் 4,00,000 நியூட்டன். சுமார் 40 டன் எடை! பலகை பிளக்காமல் என்ன செய்யும்? அதே படகு நெளிந்து கொடுத்து, 10 சென்டிமீட்டர் தூரத்தில் மெல்ல நிற்கிறது என்றால் விசை பத்தில் ஒரு பங்கு, 4 டன். அதுவும் ஓரிடத்தில் குவியாமல் பல தையல்களுக்குப் பிரிந்து போகும். அலை மோதும்போது மசூலாப் படகின் பக்கங்கள் உள்ளே வளைந்து திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று அதில் பயணம் செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தேங்காய்நாரின் குணமும் இதற்குத் துணை. அறுவதற்கு முன்னால் தன் நீளத்தில் 15 சதவீதத்துக்கு மேலும் நீளக்கூடிய இழை அது. உப்புத் தண்ணீரில் எளிதில் அழுகுவதும் இல்லை. இரும்பு ஆணியோ அதே தண்ணீரில் துருப்பிடித்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும்.

"ஆணிய இறுக்கி அடிச்சா, பலகை அங்கியே வெடிச்சிக்கும் சார். சுத்தி நல்லா இருக்கும், ஆணி வாயில மட்டும் கோடு ஓடும்" என்று நம் தச்சர் சொன்னதும் இதுவேதான். விசை ஓரிடத்தில் குவிவதைப் பொறியியலில் 'தகைவுக் குவிப்பு' என்பார்கள். அவர் 'ஆணி வாய்' என்கிறார். எனக்கு அவர் சொல்தான் பிடித்திருக்கிறது.

கட்டுமரமும் இதே குடும்பம்தான். அதில் கட்டைகளைக் கயிற்றால் பிணைப்பதோடு சரி. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டுவிடலாம். தண்ணீர் நிறைந்து மூழ்குவதற்கு அதில் உள்ளிடமே கிடையாது.

எம்.சி. 1

மசூலாப் படகை மெட்ராஸிலிருந்து அனுப்பி வைத்தது துறைமுகம். 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அந்தத் துறைமுகத்தின் வாயிலை மாற்றியமைத்து, கப்பல்கள் அமைதியாக நிற்கும்படி செய்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1904 முதல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்தார். கணித மேதை இராமானுஜன் 1912-ல் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தது இவருடைய அலுவலகத்தில்தான். மெட்ராஸில் 'எம்.சி. 1' என்ற முதல் பதிவெண்ணைப் பெற்ற மோட்டார் வண்டியின் சொந்தக்காரரும் இவரே! ஒரே மனிதர் தைத்த படகுக்கு விடை கொடுத்து, மோட்டார் காரையும் வரவேற்றிருக்கிறார்.

அப்போது மெட்ராஸில் கோச்சு வண்டி கட்டுவதில் பெயர் பெற்றிருந்தது 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி. அங்கே 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் என்ற பொறியாளர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். குதிரை வண்டிக்குச் சேணமும் கூடும் செய்துவந்த பட்டறையில் கார் பிறந்தது வியப்பல்ல. உலகம் முழுவதும் நடந்தது அதுதான். மோட்டார் வண்டிக்கென்று தனியாக ஒரு கூடு கட்டும் கலை அப்போது இல்லை. கோச்சு வண்டியின் தச்சர், கொல்லர், தகடு அடிப்பவர், வர்ணம் பூசுபவர், மெத்தை தைப்பவர் எல்லோரும் அப்படியே காருக்கு மாறினார்கள்.

அவர்கள் கட்டிய கூடு எப்படி இருந்தது? முதலில் மரத்தால் ஒரு சட்டகம். இங்கிலாந்தில் அதற்கு 'ஆஷ்' என்ற மரத்தை விரும்பினார்கள். அதிர்ச்சியைத் தாங்கும், வளைத்தால் வளையும், திருகாணியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கிரிக்கெட் ஸ்டம்புகளுக்கும் அதே மரம்தான். நம் நாட்டுப் பட்டறைகளில் தேக்கு. சட்டகத்தை முடித்ததும் அதன்மேல் அலுமினியத் தகட்டையோ எஃகுத் தகட்டையோ போர்த்தி, ஓரத்தை மரத்தைச் சுற்றி மடித்து அடிப்பார்கள். மட்கார்டு போன்ற உருண்டையான பகுதிகளுக்குத் தகட்டை மணல் மூட்டையின்மேல் வைத்து மரச்சுத்தியால் குழித்து, பிறகு இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்டி மேடு பள்ளம் போக்குவார்கள். கடைசியாக வர்ணம். ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடியும் பூசி... பல வாரங்கள் ஆகும். 1920-களில் 'டியூகோ' போன்ற விரைவில் உலரும் வர்ணங்கள் வந்த பிறகே அந்த வேலை சுருங்கியது.

இரும்புச் சட்டம் இருக்கும்போது கூட்டுக்கு ஏன் மரம் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரே நீளமும் அகலமும் ஒரே எடையும் உடைய எஃகுத் தகடு ஒன்றையும் தேக்குப் பலகை ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எஃகு தேக்கைப்போல ஏறத்தாழ 12 மடங்கு அடர்த்தி உடையது; ஆகவே தேக்குப் பலகை 12 மடங்கு தடிமனாக இருக்கும். வளையாமல் எதிர்க்கும் ஆற்றல் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 12-இன் மும்மடி 1728. எஃகின் யங் குணகம் தேக்கைப்போல சுமார் 17 மடங்கு. 1728-ஐ 17-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 100. அதாவது, அதே எடைக்குத் தேக்குப் பலகை தட்டையான எஃகுத் தகட்டைவிட நூறு மடங்கு விறைப்பானது! 'தட்டையான' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முனகிய கார்கள்

இப்போது ஒரு சிறு சோதனை. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்கிப் பாருங்கள். எளிதில் திருகிக்கொள்ளும். அந்தக் காலத்துக் காரின் சேசிஸ் இதைவிட மோசம். ஏணியைப் படுக்க வைத்தது போன்றது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஏணி முழுவதும் முறுகும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மரக்கூடோ பசையாலும் திருகாணியாலும் இறுக்கிக் கட்டியது. அதனால் முறுக முடியாது; முறுகாமலும் இருக்க முடியாது. விளைவு? இணைப்புகள் முனகும், கதவு சிக்கிக்கொள்ளும், வர்ணத்தில் கோடு விழும். சில ஆண்டுகளில் ஆணி வாய்கள் எல்லாம் தளர்ந்து, காசு கொடுத்து வாங்கியவர் ஒரு கிலுகிலுப்பைக்குள் உட்கார்ந்து போய்க்கொண்டிருப்பார்!

இதற்குத் தீர்வு சொன்னவர் ஒரு விமானி. பெயர் சார்லஸ் வேமன். ஹெய்ட்டியில் பிறந்த அமெரிக்கர். 1911-ல் கார்டன் பென்னட் விமானப் போட்டியில் வென்றவர். அக்கால விமானம் மரக்குச்சிகளின்மேல் துணி போர்த்திய கூடு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது பறக்கும்போது நெளியும், நெளிவதால்தான் முறியாது. காரின் கூட்டையும் ஏன் அப்படிக் கட்டக்கூடாது என்று வேமன் யோசித்தார். 1920-களின் தொடக்கத்தில் பாரிஸில் அவர் கட்டிய கூட்டில் மரத்துண்டுகள் ஒன்றையொன்று தொடவே தொடாது! இரண்டு துண்டுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி. அவற்றை இணைப்பவை மெல்லிய எஃகுப் பட்டைகள். மரம் மரத்தோடு உரசினால்தானே முனகும்? சட்டகத்தின்மேல் உலோகத் தகடும் கிடையாது. பஞ்சு வைத்து, தோல் போலப் பதப்படுத்திய துணியை இழுத்துப் போர்த்தினார். இருக்கைகளைக் கூட்டில் மாட்டாமல் நேராகச் சேசிஸில் பொருத்தினார். சேசிஸ் முறுகும்போது கூடும் சத்தமில்லாமல் கூடவே நெளிந்து திரும்பியது.

எஃகுப் பட்டைக்குப் பதில் தேங்காய்நார், பதப்படுத்திய துணிக்குப் பதில் மாம்பலகை என்று மாற்றிப் படியுங்கள். நம் மசூலாப் படகு வந்துவிடும். வேமன் அதைப் பார்த்துக் கற்றார் என்று நான் சொல்லவில்லை; அவர் கற்றது விமானத்திடம். ஒரே தொல்லைக்கு இரண்டு இடங்களில் ஒரே மாதிரி விடை தோன்றியிருக்கிறது, அவ்வளவே.

வேமன் கூடுகள் சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தன. ஆனால் 1930 அளவில் மவுசு குறைந்துவிட்டது. துணிக்குள் ஈரம் புகுந்தால் உள்ளே இருக்கும் மரம் யாருக்கும் தெரியாமல் உளுத்துப்போகும். பளபளக்கும் தகட்டு வண்டிகளுக்குப் பக்கத்தில் மங்கலான துணிக்கார்கள் மக்கள் கண்ணுக்குப் பழசாகவும் தெரிந்தன.

இதற்குள் அமெரிக்காவில் எட்வர்டு பட் என்பவர் மரமே இல்லாத கூட்டைச் செய்து காட்டிவிட்டார். 1914-ல் டாட்ஜ் சகோதரர்களின் காருக்கு எஃகுத் தகடுகளைப் பெரிய அச்சுகளில் வைத்து அழுத்தி, பற்றவைத்து, கூடு முழுவதையும் எஃகாலேயே கட்டினார். நான் சற்று முன் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன சொல் இங்கேதான் வருகிறது. தட்டையான தகடு வளையும்; ஆனால் வளைவு கொடுத்து அழுத்திய தகடு அப்படி வளையாது. ஒரு தாளைக் கையில் நீட்டிப் பிடியுங்கள், தொங்கிவிடும். நீளவாக்கில் லேசாகக் குழித்துப் பிடியுங்கள், நேராக நிற்கும். அச்சு இயந்திரம் இந்த வித்தையை ஒரே அடியில் செய்தது. தச்சர் வாரக்கணக்கில் செய்ததை நிமிடத்தில் முடித்தது. என்றாலும் மரம் உடனே போய்விடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1935-ல்தான் கூரை முழுவதும் ஒரே எஃகுத் தகடாக வந்தது. அதுவரை அவ்வளவு அகலமான தகட்டை உருக்காலைகள் உருட்டித் தரவில்லை. கூரையின் நடுவில் துணியைத்தான் ஒட்டினார்கள்.

இப்போது மறுபடியும் அந்தச் செருப்புப் பெட்டியை எடுங்கள். மூடியைப் போட்டு, ஓரம் முழுவதும் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அசையாது! அட்டை அதேதான், மூடிய பெட்டியாக மாறியதுதான் வேறுபாடு. கூட்டையே இப்படி மூடிய பெட்டியாகக் கட்டிவிட்டால் கீழே ஏணி எதற்கு? இத்தாலியின் லான்சியா லாம்ப்டா (1922), பிரான்சின் சித்ரோன் டிராக்ஷன் அவான் (1934) ஆகிய கார்கள் இந்த வழியைக் காட்டின. நம் ஊர்ச் சாலைகளில் 2014 வரை தயாராகி ஓடிய அம்பாசடரும் இப்படித் தனி ஏணி இல்லாத வண்டிதான்.

நெளிந்து கொடுப்பதை விட்டுவிட்டு முழு விறைப்புக்குப் போன கார், பிறகு ஓரளவு திரும்பி வந்தது. மோதும்போது விறைப்பான வண்டிக்குள் இருப்பவர் கதி என்ன? நாம் போட்ட அதே 4000 ஜூல் கணக்குதான். 1950-களில் பேலா பாரெனி என்ற பொறியாளர், காரின் முன்னும் பின்னும் நொறுங்கிச் சுருங்க வேண்டும், நடுவில் ஆட்கள் இருக்கும் அறை மட்டும் விறைப்பாக நிற்க வேண்டும் என்று வகுத்தார். 1959-ல் மெர்சிடிஸ் காரில் அது வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் உண்டு. ஆனால் ஒன்று: இந்தக் கார் ஒரே ஒருமுறைதான் நெளிந்து கொடுக்கும். மசூலாப் படகு ஒரு நாளில் பலமுறை நெளிந்தது.

ஃபைபர் வந்தது

படகின் கதையும் கார் போன வழியிலேயே போயிற்று. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளில் 1940-களில் அமெரிக்காவில் சிறு படகுகள் செய்தார்கள். 1953-ல் கார்வெட் காரின் கூட்டையும் அதிலேயே செய்தார்கள். இந்தியாவில் 1980-களில் பெங்களூரில் தயாரான டால்பின் என்ற சிறிய கார் உங்கள் தாத்தாவுக்கு நினைவிருக்கலாம். அதன் கூடும் ஃபைபர்தான். தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. 2004 சுனாமியில் கட்டுமரங்கள் அடித்துப் போகப்பட்ட பிறகு, நிவாரணமாகவும் கடனிலும் கரை நெடுகிலும் ஃபைபர் படகுகள் பெருகின. பழவேற்காட்டுக் குப்பங்களிலும் இன்று திரும்பிய பக்கமெல்லாம் அவைதான்.

செய்யும் முறை எளிது. படகு வடிவில் ஓர் அச்சு. அதில் மெழுகு தடவி, வர்ணம் கலந்த மேற்பூச்சைப் பூசுவார்கள். அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, பிசினைத் தோய்த்து, காற்றுக் குமிழி போக உருளையால் அழுத்துவார்கள். இப்படி அடுக்கடுக்காக. பிசின் இறுகுவதற்கு முடுக்கி ஒன்றும் வினையூக்கி ஒன்றும் சேர்ப்பார்கள். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றை முதலில் பிசினில் கலந்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். இறுகும்போது கைவைத்தால் சூடு தெரியும். பிறகு அச்சிலிருந்து எடுத்தால் முழுப் படகும் ஒரே ஓடு. இணைப்பு இல்லை, தையல் இல்லை, ஆணி வாய் இல்லை. கப்பல் புழு துளைக்காது. எடை குறைவு, கரையேற்ற ஆள் குறைவாகப் போதும். மோட்டார் பூட்டினால் விரைவாகப் போய் வரலாம். பழைய தோணியைத் தோளால் தள்ளியவர்களிடம் போய் 'பழையதே நல்லது' என்று நாம் சொல்லக்கூடாது. அவர்கள் சிரிப்பார்கள்; சிரிப்பதும் நியாயம்.

ஆனால் நம் தச்சர் ஒரு விஷயத்தைக் காட்டினார். மணலில் கவிழ்த்துப்போட்ட ஒரு ஃபைபர் படகு. வெளியே பார்த்தால் புதிது போலிருந்தது. முகத்துவாரத்தில் மணல்திட்டின்மேல் அடிபட்ட படகாம். கண்ணாடி இழை நாரைப்போல நீளாது; சில சதவீதம் இழுத்தால் அறுந்துவிடும். பிசின் அதற்கு முன்பே விரிந்துவிடும். அடி விழுந்த இடத்தில் மேற்பூச்சில் தலைமுடி போன்ற கோடுகள் மட்டும் தெரியும். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். தைத்த படகு தன் காயத்தை ஒழுகிக் காட்டிவிடும், இது காட்டாது. வாங்கிய கடன் முடியாத படகை, இந்தக் கோடுகளை நம்பி யார் கரையில் நிறுத்துவார்? மறுநாளும் கடலுக்குப் போகும். அலை முறியும் இடத்தில், மோட்டாரின் முழு வேகத்தில், அந்தப் பிளவு திறக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த ஃபைபர் படகுக்குள்ளும் மரம் இருக்கிறது! மோட்டார் மாட்டும் பின்பலகையிலும் அடிச்சட்டங்களிலும் பலகையை வைத்து அதன்மேல் இழையைப் போர்த்திவிடுகிறார்கள். எங்காவது ஒரு திருகாணித் துளை வழியாக ஈரம் உள்ளே போனால், வேமன் காரில் நடந்ததே இங்கும் நடக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே உளுத்த மரம். படகுத் தச்சருக்கு ஃபைபர் காலத்திலும் வேலை இருப்பது இதனால்தான்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். அவர் பதில் சொல்லாமல் ஒரு சிறு உளியைத் திருப்பிப் பிடித்து, படகின் முதுகில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்று தெளிவாகக் கேட்டது. ஓரிடத்தில் 'தொப்' என்றது. அடுக்கு பிரிந்த இடத்தில் விறைப்பு குறைகிறது. விறைப்பு குறைந்தால் அதிர்வெண் குறைகிறது. விமானத்தின் கூட்டுப்பொருள் பாகங்களைச் சோதிப்பவர்களும் இதே போல் நாணயத்தாலோ சிறு சுத்தியாலோ தட்டிப் பார்ப்பதுண்டு.

அவர் இரண்டு பக்கமும் மறுபடி தட்டி, சத்தம் மாறும் இடங்களைச் சாக்கட்டியால் குறித்தார். கடைசியில் கோடுகளை இணைத்தபோது, முறத்தின் அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. மேலே தெரிந்த முடிக்கோடு விரல் நீளம்கூட இல்லை. படகின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு வட்டத்தைக் காட்டினார். அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மோட்டாரைக் கழற்றுவதற்கு ஆள் கூப்பிடப் போனார்.